தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு கட்டைவிரல்

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, வடக்கு வரிசையின் மூன்றாவது தூணில், மேவிஸ் டாப்செல்லின் இறகுத் துடைப்பம் உள்ளே போக மறுத்தது.

அவள் ஏணியின் உச்சியில் நின்றிருந்தாள். கீழே தரை இருபது அடி தூரத்தில் இருந்தது. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, காம்பு முனையால் குத்திப் பார்த்தாள். மரத்தில் மரம் மோதியது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தூணின் தலையைச் சுற்றிச் செதுக்கிய இலைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு சந்து இருக்க வேண்டும். கட்டைவிரல் அகலச் சந்து. போன வருஷம் ஜூன் மாதம் இருந்தது. இப்போது இல்லை.

லண்டன் மாநகரின் நடுவில், வங்கிகளும் காப்பீட்டு அலுவலகங்களும் நெருக்கும் பெல்லோஸ் சந்தில் இருக்கிறது செயின்ட் சிட்வெல் ஆலயம். 1768இல் கட்டியவருக்கு ரோமாபுரிக் கோயில் மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. வாசலில் நான்கு தூண்களை உண்மையான கல்லில் நிறுத்தினார். உள்ளே வந்ததும் கல் தீர்ந்ததோ என்னவோ, பன்னிரண்டு தூண்களை மரத்தில் செய்து, உள்ளே கூடாக விட்டு, மேலே பளிங்கு வரி தீட்டிவிட்டார். அவற்றுக்கு மேலே வளைந்து போகும் விதானம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் காரைப் பூக்கள். அந்த விதானத்தைத் தூண்கள்தான் தாங்குகின்றன என்று பார்க்கிற எல்லோரும் நம்புவார்கள். உண்மையில் அது மேலே கூரைச் சட்டத்திலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்குகிறது. தூண்கள் தாங்குகிற மாதிரி நிற்கின்றன, அவ்வளவுதான்.

மேவிஸுக்கு இதைச் சொன்னது அவள் கணவன் சித். 1950இல், கல்யாணத்துக்கு முன்னால், அவளை உள்ளே கூட்டிவந்து ஒரு தூணை விரல் முட்டியால் தட்டினான். "கேளு. உள்ள ஒண்ணுமில்ல. நம்ம மேனேஜர் மாதிரி." அப்போது அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெர்மண்ட்ஸியில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். சித் இங்கே கோயில்பிள்ளை. பெஞ்சு துடைப்பது, மணி அடிப்பது, ஊர்வலத்தில் வெள்ளிப் பூண் போட்ட கோலைப் பிடித்து முன்னால் நடப்பது அவன் வேலை. 1972இல் அவன் இறந்தான். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லிக் கோலை அவள் கையில் கொடுத்தார்கள். வேறு ஆளை யாரும் தேடவில்லை. பதினோரு வருஷமாக அவள் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

தினமும் காலையில் லண்டன் பாலத்தைக் கடந்து நடந்தே வருவாள். அவளுக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் எந்தப் பலகை எந்த மாதத்தில் முனகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஏணியிலிருந்து இறங்கினாள். நான்காவது தூணைத் தட்டினாள். டொக். இரண்டாவது தூண், டொக். மூன்றாவதைத் தட்டினாள். சத்தம் உள்ளே போகவில்லை. இழுத்துக் கட்டிய எதையோ தட்டினதுபோல விறைப்பாக நின்றது.

தூண் வளராது. ஆகவே மேலே இருப்பது கீழே இறங்கியிருக்கிறது.

குருவானவர் ஹால்டேன் நல்ல மனுஷர். மூன்று ஆலயங்களைப் பார்த்துக்கொள்கிறவர். எப்போதும் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் பாதி வழியில் இருப்பார். ஏணியைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. தூணின் அடியில் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு விரிசல், தலைமுடி அளவு.

"ஆமா மேவிஸ், விரிசல் இருக்கு."

"விரிசல விடுங்க ஃபாதர். மேல சந்து மூடிக்கிச்சு. விதானம் எறங்கி தூண் மேல உக்காந்திருக்கு. இது உக்கார வைக்கற தூண் இல்ல. அட்டப்பெட்டி மாதிரி."

"கீழ இருந்து பாத்தா ஒண்ணும் தெரியலயே."

"கீழ இருந்து தெரியாது. வருஷத்துக்கு ஒரு வாட்டி நான் மட்டுந்தான் மேல போறேன்."

கட்டட வல்லுநர் லோவிபாண்டுக்குத் தொலைபேசினார்கள். ஆலயத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறவர் அவர். போர்ச்சுகல்லில் விடுமுறையில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை விமானம், இறங்கியதும் நேரே வந்துவிடுவார் என்றார்கள்.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். 1983ஆம் வருஷத்து ஜூன் 24, நடுக்கோடை நாள். அந்தக் காலத்தில் சல்லடை செய்தவர்கள் தொடங்கிய சல்லடைக்காரர் சங்கம் தன் புதிய தலைவருக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கிற நாள். சங்கத்தில் இருக்கிற நூற்றெண்பது பேரில் சல்லடையைக் கையால் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லாம் வக்கீல்கள், வங்கிக்காரர்கள். ஆனால் முந்நூறு வருஷமாக அந்த நாளில், பகல் ஒரு மணிக்குள், இந்த ஆலயப் பங்கின் எல்லைக்குள் பிரமாணம் நடந்தாக வேண்டும் என்பது அவர்கள் சாசனம்.

புதன்கிழமை சங்கத்தின் செயலர் கர்னல் பிரிடோ குருவானவரோடு வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், இப்போதும் நடந்தால் தரை அதிரும். தூணுக்கு முன்னால் அவரை மெதுவாக நடக்கச் சொல்லலாமா என்று மேவிஸ் யோசித்தாள்.

"இதுதான் அந்த விரிசலா?" என்றார். "சரி. இந்தத் தூணச் சுத்தி ஆறு பெஞ்சுக்குக் கயிறு கட்டிருங்க. யாரும் கிட்ட உக்காரவேணாம். அங்க உக்கார்ற நாப்பது பேருக்கும் நடுவுல நாற்காலி போட்டுக்கலாம்."

"நடுவுலயா?" என்றாள் மேவிஸ்.

"நடுவுலதான். அங்க தூணே இல்லயே."

"அதான் கர்னல் கஷ்டம். தூண் விழப்போறதில்ல. விதானம் விழப்போவுது. அது முழுக்க நடுவுலதான் தொங்குது."

கர்னல் அண்ணாந்து பார்த்தார். காரைப் பூக்கள் நூற்றுக்கு மேல், வரிசை பிசகாமல், வெள்ளைவெளேரென்று.

"எரநூறு வருஷமா நிக்குது, மிஸஸ் டாப்செல்."

"நிக்கல. தொங்குது. நாப்பத்தொண்ணுல குண்டு விழுந்து கூரை பாதி எரிஞ்சப்போ, கெடச்ச மரத்த வச்சு அவசரத்துல கட்டினாங்க. சித் சொல்லியிருக்காரு."

"உங்க வீட்டுக்காரர் கட்டட வல்லுநரா?"

"இல்ல. மேல ஏறிப் பாத்தவரு."

கர்னல் குருவானவரைப் பார்த்தார். "ரெக்டர், அடுத்த மாசக் கூட்டத்துல இந்தத் தற்காலிக ஏற்பாட்டப் பத்திப் பேசிறலாம். பதினோரு வருஷம் கொஞ்சம் நீளந்தான்." குருவானவர் தன் காலணியைப் பார்த்தார். கயிறு கட்டப்பட்டது. நாற்பது சிவப்பு நாற்காலிகள் நடுவில் போடப்பட்டன. முதல் வரிசையின் நடு நாற்காலி புதிய தலைவருக்கு.

வியாழன் மாலை வீட்டுக்குப் போகுமுன் மேவிஸ் ஒரு சிகரெட் சுற்றும் தாளை எடுத்து, எச்சில் தொட்டு, தூணின் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினாள்; விரிசல் அகன்றால் தாள் கிழியும். வெள்ளி காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தபோது தாள் கிழிந்திருந்தது. இன்னொன்று ஒட்டினாள். பத்தரைக்கு அதுவும் கிழிந்தது. முதல் தாள் கிழிய ஒரு ராத்திரி ஆகியிருந்தது. இரண்டாவது மூன்றரை மணி நேரந்தான் தாங்கியது.

கிழிந்த தாளை ஓடிப்போய்க் குருவானவரிடம் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது. விமான நிலையத்துக்குப் பேசினார். விமானம் தாமதம்; லோவிபாண்ட் வந்து சேர பன்னிரண்டரைக்கு மேல் ஆகும். பிறகு கர்னலுக்குப் பேசினார். கேட்டுக்கொண்டே இருந்தார். தொலைபேசியை வைத்தார்.

"கர்னல் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, மேவிஸ். ஒரு மணிக்குள்ள முடியலன்னா பழைய தலைவரே இன்னொரு வருஷம் இருக்கணுமாம். அவருக்கு எண்பத்தொண்ணு. ஒரு சிகரெட் தாள வச்சு நூத்தெம்பது பேரத் திருப்பி அனுப்ப முடியுமான்னு கேக்கறார்."

"நியாயமெல்லாம் இருக்கு ஃபாதர். மேல கம்பி இருக்கான்னுதான் தெரியல."

"நாப்பது நிமிஷந்தான்."

"விழ எவ்ளோ நேரம் ஆவும்?"

அவர் உடுப்பு மாற்றப் போனார்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கக் கூடத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது. வழக்கம் இது: முதலில் கோலோடு கோயில்பிள்ளை. அடுத்து சங்கச் சேவகர் ஆஸி கிரம்ப், தோளில் வெள்ளித் தடியோடு. பிறகு கர்னல், பழைய தலைவர், புதிய தலைவர், அப்புறம் மென்மயிர் அங்கி போட்ட மற்ற எல்லோரும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய பூச்செண்டு. குருவானவர் ஆலய வாசலில் காத்திருப்பார். கோலைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத விதி. அதனாலேயே யாரும் மீறியதில்லை. ஒரு வருஷம் சித் தும்முவதற்காக நின்றபோது அவனுக்குப் பின்னால் சந்து முழுக்க நின்றது.

இருநூறு கஜம். மேவிஸ் நடந்தாள். மனசுக்குள் ஒரு திட்டமும் இல்லை. தட்டச்சுப் பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். ஆஸி பின்னாலிருந்து வாயைத் திறக்காமல் பேசினார். முப்பது வருஷப் பழக்கம் அது.

"என்ன மேவ், சாவு வீட்டுக்குப் போற மாதிரி நடக்கற?"

"வாய வெச்சிக்கினு சும்மா வா ஆஸி."

ஆலயத்தின் முன்னால் ஆறு படி. அதற்கு மேல் அந்த நான்கு கல்தூண். கதவு திறந்திருந்தது. உள்ளே தூரத்தில் சிவப்பு நாற்காலிகள் தெரிந்தன. மேவிஸ் முதல் படியில் கால் வைத்தாள். அந்தக் கால் மேலே போகவில்லை. நின்றாள்.

ஆஸி நின்றார். கர்னல் நின்றார். பின்னால் சந்து முழுக்க ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது.

"முட்டியா கண்ணு?" என்றார் ஆஸி.

"முட்டி இல்ல. நான் உள்ள போவல."

கர்னல் பக்கவாட்டில் வந்தார். ஆஸியின் முழங்கை வரை வந்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

"மிஸஸ் டாப்செல். நடங்க."

"காலைல ஒட்டின தாளும் கிழிஞ்சிருச்சு, கர்னல். முதல் தாளவிட சீக்கிரமா."

"இது அதப் பேசற எடமில்ல."

"இதான் எடம். உள்ள போனப்புறம் பேச முடியாது."

"நடங்கன்னு சொல்றேன்."

"நீங்க நடங்க. இதோ கோலு. தாண்டிப் போங்க. நான் கைய நீட்டித் தடுக்கமாட்டேன்."

கர்னலின் காலணி முனை ஒரு அங்குலம் முன்னால் வந்தது. பின்னால் நூற்றெண்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலணி திரும்பிப் போனது.

"இன்னிக்கோட உங்க வேல முடிஞ்சது," என்றார், ரொம்பத் தணிந்த குரலில்.

"சரி. இன்னிக்கு முடியற வரைக்கும் எங்கிட்டதான இருக்கு?"

சொல்லிவிட்டு மேவிஸ் படியிலிருந்து காலை எடுத்தாள். இடப்பக்கம் திரும்பினாள். ஆலயச் சுவரை ஒட்டிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற இரும்புக் கதவைக் கோலால் தள்ளித் திறந்து உள்ளே நடந்தாள்.

ஆஸி இரண்டு மூச்சு யோசித்தார். பிறகு அவள் பின்னால் போனார். வெள்ளித் தடி போனதும் கர்னலுக்கு வேறு வழியில்லை. தலைவர்கள் போனார்கள். மற்றவர்கள் ஏன் என்றே கேட்கவில்லை. முன்னால் போகிற முதுகின் பின்னால் போவது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. மேவிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கவலையெல்லாம் வாசலில் நிற்கிற ஒருவரைப் பற்றி. குருவானவர் உள்ளே போய்விட்டால் இவர்களும் திரும்பிவிடுவார்கள்.

படிகளில் அங்கி உரசும் சத்தம் கேட்டது. ஹால்டேன் கிட்டத்தட்ட ஓடிவந்தார். தோட்டத்துக்குள் நுழைந்து, ஒரு பழைய கல்லறையின் தட்டைக் கல் மேல் ஏறி நின்று, மூச்சு வாங்க, "சகோதர சகோதரிகளே," என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரம். பெஞ்சுகளில் அலுவலகத்து ஆட்கள் முட்டை சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். மென்மயிர் அங்கிக் கூட்டம் தங்களைச் சூழ்ந்ததும் ஒருத்தி, "எழுந்து நிக்கணுமா?" என்று பக்கத்தில் கேட்டாள். "தெரியல, மென்னுட்டே நில்லு," என்றான் அவன். பழைய தலைவருக்கு ஒருவர் பெஞ்சில் இடம் விட்டார்.

தோட்டமும் பங்கின் எல்லைக்குள்தான்; பிரமாணம் ஆரம்பமானது. மேவிஸ் மூச்சை விட்டாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஓசை வந்தது. ஆர்கன். அடித்தொண்டைக் குழாய், காலால் மிதிக்கிறது. காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குக் கேட்கிற சத்தம்.

ஐவர் பாட்கின். ஆர்கன் வாசிப்பவர். காது மந்தம். மேற்குப் பக்க மாடத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியில் கோல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஊர்வலம் தாமதமானால் வெளியே நிற்கிறவர்கள் சலித்துப்போகாமல் இருக்க, வாசிப்பைப் பெரிதாக்குவார். எல்லா ஆர்கன்காரர்களும் செய்கிறதுதான். அவரை உள்ளே விட்டுவிட்டு வந்தது மேவிஸுக்கு உறைத்தது.

"இதப் பிடி," என்று கோலை ஆஸியின் கையில் திணித்தாள். "நட்டு வச்ச மாதிரி நில்லு. நீ அசைஞ்சா எல்லாரும் அசைவாங்க."

"நீ எங்க போற?"

"ஐவரு உள்ள இருக்காரு."

ஆஸியின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

கோபுரத்துச் சிறு கதவு வழியாக நுழைந்தாள். மாடத்துப் படி சுழன்று ஏறியது. பாதியில் ஒரு ஜன்னல். அதன் வழியே ஆலயத்தின் உள்பக்கம் தெரியும். பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள், பார்த்தாள். தெற்கு ஜன்னல்களில் வந்த வெளிச்சத்தில் மாவு சலிக்கிற மாதிரி வெள்ளைத் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சலிப்பு.

இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஐவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"கோலு எங்க மேவிஸ்?"

"நிறுத்துங்க!"

"என்ன?"

"நிறுத்துங்க ஐவர்!"

"கடைசிப் பக்கந்தான். முடிச்சிடறேன்."

அவள் கை நீட்டிச் சுவரிலிருந்த விசையை அணைத்தாள். காற்றுப்பெட்டி இளைத்தது. சுருதி முனகிக் கீழே போய் அடங்கியது. அந்த அமைதியில் வேறொரு சத்தம் கேட்டது, காது மந்தமான ஐவருக்கும் கேட்டிருக்க வேண்டும். வடக்கு வரிசையிலிருந்து. உலர்ந்த மரம் மெல்ல மெல்லப் பிளக்கிற சத்தம்.

"கட்டடம் கொட்டாவி விடுதா?" என்றார் ஐவர்.

"எழுந்திருங்க. மெதுவா. காலணிய அதிராம வைங்க."

"என் நோட்டு..."

"விடுங்க உங்க நோட்ட!"

அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கினாள். எண்ணிக்கொண்டே இறங்கினாள், இருபத்தெட்டுப் படி. பத்தொன்பதில் இருக்கும்போது உள்ளே ஏதோ விழுந்தது. ஒரே ஒரு அடி. காற்று படிக்கட்டுக்குள் புகுந்து அவள் பாவாடையைத் தள்ளியது. ஐவர் அவள் கையை இறுக்கிக்கொண்டார்.

வெளியே ஐவரைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிவிட்டு, அவள் முன்வாசலுக்கு வந்தாள். படிகளின் மேலே, கல்தூணுக்குப் பக்கத்தில், கர்னல் நின்றிருந்தார். அவர் மட்டும் தனியாக. ஆஸி இன்னும் தோட்டத்தில்தான் கோலைப் பிடித்திருந்தார்.

"உள்ள போவாதீங்க கர்னல்."

"போகல."

இருவரும் கதவோரமாக நின்று பார்த்தார்கள். காரைப் பூ ஒன்று, ஒரு பெரிய தாம்பாளம் அளவு, இரும்பும் மரப்பட்டியும் ஒட்டியபடி விழுந்து கிடந்தது. முதல் வரிசை நடு நாற்காலி இல்லை. இரண்டு பக்கத்து நாற்காலிகளின் கால்கள் அகன்று கிடந்தன. தூசி இன்னும் எழுந்துகொண்டிருந்தது. வடக்கில் மூன்றாவது தூண் நின்றது. அதன் வயிற்றில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு, உள்ளே இருட்டு.

பன்னிரண்டு நாற்பதுக்கு லோவிபாண்ட் வந்தார், வெயிலில் சிவந்த மூக்கும் கையில் பெட்டியுமாக. பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு, கோபுரம் வழியாகக் கூரைக்குள் ஏறினார். பத்து நிமிஷத்தில் இறங்கினார். முடி முழுக்கக் கரி. ஜெபத்தை முடித்து, பிரமாணத்தைப் பழைய தலைவரிடம் விட்டுவிட்டு ஹால்டேனும் அதற்குள் வாசலுக்கு வந்திருந்தார்.

"கதவ மெதுவாச் சாத்துங்க," என்றார் குருவானவரிடம். "பூட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் மணிகூட அடிக்கக் கூடாது. நடுவுல ஒம்போது கம்பி. அதுல அஞ்சு, மரத்த விட்டு வெளிய வந்திருச்சு. மிச்சத்த அந்தத் தூண் பிடிச்சிட்டு இருக்கு. அதுல பலக ரெண்டு விரல் கனந்தான். எப்படிப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியல." சுற்றிலும் பார்த்தார். "உள்ள எத்தன பேர் இருந்தாங்க?"

"யாரும் இல்ல," என்றார் ஹால்டேன். "கடைசியா இவங்கதான்." மேவிஸைக் காட்டினார்.

தோட்டத்தில் பிரமாணம் முடிந்து கைதட்டல் கேட்டது. சாண்ட்விச்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள். ஒரு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது. மேவிஸுக்கு அப்போதுதான் கால் நடுங்க ஆரம்பித்தது. படியில் உட்கார்ந்தாள். கர்னல் பக்கத்தில் நின்றார். உட்காரலாமா என்று யோசிக்கிறவர்போல நின்றுவிட்டு, உட்கார்ந்தார். அங்கியின் மென்மயிர் புழுதியில் பட்டது.

"அந்த நாற்காலியெல்லாம் நாந்தான் அங்க போடச் சொன்னேன்."

"ஆமா."

"நாப்பது பேர்."

ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை என்று அவளுக்குப் பட்டது. குத்திக்காட்ட வேண்டிய இடமும் இல்லை. அவர் கையிலிருந்த பூச்செண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டெல்லாம் நசுங்கியிருந்தது.

"படில சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கணும்," என்றார்.

"எல்லார் முன்னாலயும்தான சொன்னீங்க."

"மெதுவாத்தான் சொன்னேன்."

"ஆஸிக்குக் கேட்டுது. ஆஸிக்குக் கேட்டா ஊருக்கே கேட்ட மாதிரி."

கர்னல் எழுந்தார். அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். அவர் குரல் சுவரைத் தாண்டி வந்தது. பட்டாளத்துக் குரல், அடுத்த சந்து வரை போயிருக்கும். விதானத்துப் பூ விழுந்ததையும் நாற்காலிகள் யார் சொல்லிப் போட்டவை என்பதையும் மறைக்காமல் சொன்னார். படியில் மிஸஸ் டாப்செல்லிடம் தான் பேசியது தவறு என்றார். அவள் எத்தனை வருஷம் விரும்புகிறாளோ அத்தனை வருஷம் கோல் அவளிடம் இருக்க வேண்டும் என்று சங்கம் இன்றே ஆலயத்துக்கு எழுதும் என்றார். யாரும் கைதட்டவில்லை. நூற்றெண்பது பேரும் ஆலயச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆஸி வந்து கோலை நீட்டினார். "கை மரத்துப் போச்சு மேவ். எல்லாரும் பசில நிக்கறாங்க, ஒருத்தனும் நகர மாட்டேங்கறான். வா, வந்து கூட்டிட்டுப் போ."

"ரெண்டு நிமிஷம் இரு," என்றாள் மேவிஸ். "கால் வரட்டும்."

அவர்கள் காத்திருந்தார்கள்.